இந்தப் பக்கத்து ஹலோ

அழுத்தியாயிற்று. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், சரி என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தை வர வேண்டாமா, மிக்ஸிகூட அழுத்தினதும் கத்துகிறது, இது கறுப்பாக முழித்துக்கொண்டு இருக்கிறது, ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மட்டும் கண்ணைச் சிமிட்டுகிறது. போனும் கட்டாகிவிட்டது. என் மகன் டைட்டஸ் அந்தப் பக்கம் ஆலங்கிணறு என்கிற ஊரில் டவருக்குக் கீழே நின்றுகொண்டு எழுத்து எழுத்தாகச் சொன்னான், நான் இங்கே மாடி அறையில் அவனுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தேன். ஜி, டி, சி, கொஞ்சம் இடம் விடுங்கம்மா, டி ஃபார் டைட்டஸ், ஓ, ஜி, இன்னொரு ஜி. "ரெண்டு ஜியாய்யா?" என்றேன். "ரெண்டும்மா, உங்க தங்கச்சி கிரேஸ் சித்திக்கு ஒண்ணு, சித்தியோட கோவத்துக்கு ஒண்ணு" என்றான், சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை, இருந்தாலும் எனக்குப் பயமென்று தெரிந்து சொன்னான். எல்லாம் அடித்து முடித்ததும், என்டர் தட்டிட்டு வலது பக்கம் பாருங்க, வரி வரியா ஓடும், ஓட ஆரம்பிச்சதும் எதையும் தொ, அவ்வளவுதான், லைன் போய்விட்டது. தொடாதீங்க என்றுதான் சொல்ல வந்திருப்பான். தட்டினேன். திரையை ரெண்டாகப் பிரித்து வைத்திருக்கிறான், நான் அடிப்பது இடது பக்கம், பெட்டி எழுதுவது வலது பக்கம், இடது பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. மேல்நோக்கி இருக்கிற அம்புக்குறியைத் தட்டினால் போன தடவை அடித்தது அப்படியே திரும்பி வருமென்று முன்னே ஒரு நாள் காட்டித் தந்திருந்தான், தட்டினேன், வந்தது, இன்னொரு தடவை என்டர். ஒரு நிச்சயத்துக்குத்தான். காஸை மூடினேனா என்று ரெண்டு தடவை போய்ப் பார்ப்பதில்லையா, ஜெபம் முடித்துப் படுத்த பிறகு ஷீபா பேரைச் சொன்னேனா விட்டுவிட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி எழுந்து முழங்கால் போடுவதில்லையா. மஸ்கட்டில் இருக்கிற மகளுக்கு ரெண்டு தடவை ஜெபித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இதுவும் அப்படித்தானே. அப்புறம்தான் வலது பக்கம் பார்த்தேன். நாலைந்து வரி கிடந்தது. அசையவில்லை. காலையிலிருந்து கிடந்த வரியோ இப்போது வந்த வரியோ, நான் பார்க்கவில்லை.

பெட்டி என்று நான் சொல்வது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் அளவுக்கு இருக்கிறது. கையை வைத்தால் காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுடும். அதிலிருந்து ஒரு வயர் சுவரில் ஓட்டை போட்டு மொட்டை மாடிக்குப் போகிறது, அங்கே கம்பத்தில் ஒரு வெள்ளைத் தட்டு, அந்தத் தட்டு ஆலங்கிணற்று டவரில் இருக்கிற இன்னொரு தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது, நடுவில் வயர் இல்லை, ஒன்றுமில்லை, வெறும் வெயில், வாழைத் தோட்டம், ரயில் பாதை. அதற்கு மேலே போய்த்தான் அங்குள்ள வீட்டுக்கெல்லாம் நெட் போகிறதாம். டைட்டஸும் அவன் சிநேகிதன் இசக்கிமுத்துவும் சேர்ந்து ஆரம்பித்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் முறுக்கை அவன்தான் முதலில் உடைப்பான், அவர்கள் வீட்டுக் கோயில் கொடைச் சோற்றை இவன்தான் ரெண்டாம் தடவை கேட்டு வாங்குவான், எனக்கு வயிற்றில் பிறந்தது ரெண்டு, தட்டு போட்டது மூணு. இப்போது ரெண்டு மாதமாக அந்தத் தொடர்பு விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. ஊர்க்காரர்கள் போன் போட்டுக் கத்துகிறார்கள். டைட்டஸ் கோளாறு உன் பக்கம்தான் என்கிறான், இசக்கி உன் பக்கம்தான் என்கிறான். போன வாரம் கீழே ஹாலில் வைத்து வாக்குவாதம் முற்றி, "ஏறத் தெரிஞ்சவன்லாம் என்ஜினியர் ஆயிர முடியுமால?" என்று என் மகன் கேட்டான். என் மகன்தான் கேட்டான், என் காதால் கேட்டேன். இசக்கியின் அப்பா பனை ஏறுகிறவர். இன்றைக்கும் ஏறுகிறார். அந்தப் பையன் முகத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். அவன் கோபப்படவில்லை, அதுதான். "சரி. நீ வச்சிருக்க லாக்கு சொல்லட்டும். என் பக்கம்னு சொன்னா நான் வெலகிக்கிடுதேன். ஒன் பக்கம்னு சொன்னா" என்றான், அதற்கு மேல் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குச் சாளை மீன் குழம்பு. சாப்பிடாமல் இந்த வீட்டிலிருந்து அவன் இறங்கிப் போனது அதுதான் முதல் தடவை. ஒன் பக்கம்னு சொன்னா என்ன? இந்த ஒரு வாரமாகத் துணி துவைக்கும்போதும் ஓலைப்பெட்டியில் அரிசி புடைத்துப் போடும்போதும் அந்த வாக்கியத்தை நானே முடித்து முடித்துப் பார்க்கிறேன். ஒன் பக்கம்னு சொன்னா நீ மன்னிப்புக் கேக்கணும். ஒன் பக்கம்னு சொன்னா எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. ஒன் பக்கம்னு சொன்னா இனி என் மூஞ்சில முழிக்காத. எந்த முடிவும் நல்லதாக வரவில்லை.

லாக்கு என்பது அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற ஒன்று, தான் செய்வதையெல்லாம் தானே எழுதிவைப்பது. ஓடுகிற ஒன்று என்றால் என்ன என்று அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு நாள் கேட்டேன். டைட்டஸுக்கு என் கேள்விகள் பிடிக்கும், மற்றவர்கள் கேட்டால் எரிந்து விழுவான். "அது பின்னாலயே ஓடிக்கிட்டிருக்கும்மா. ஆள் உக்காந்து ஓட்டணும்னு இல்ல. யாரும் பாக்கலன்னாலும் ஓடும். திரையில ஒண்ணுமே தெரியாது, ஆனா அது இல்லன்னா வழி இல்ல" என்றான். அன்றைக்கு முழுவதும் எனக்கு அதே நினைப்பு. யாரும் பார்க்காவிட்டாலும் ஓடுகிறது, முகம் இல்லை, சத்தம் இல்லை, அது இல்லாவிட்டால் வழி இல்லை. நான் யாரை நினைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை, அவனிடமும் சொல்லவில்லை, சொன்னால் "பிரசங்கத்தை ஆரம்பிச்சுட்டியளா" என்பான். அப்புறம் கேட்டேன், அப்படி ஓடுகிறது எல்லாவற்றையும் எப்போதும் எழுதிக்கொண்டே இருந்தால் என்ன, பிறகு சண்டையே வராதே. "நெறஞ்சிரும்மா. எல்லாத்தையும் எழுதுனா எழுதுறதுதான் வேலையாப் போயிரும். அதான் எழுதாதன்னு சொல்லி வச்சிருக்கு. வேணும்ங்கிறப்ப மட்டும், ஓடிக்கிட்டு இருக்கும்போதே, நிறுத்தாமலே, இப்ப எழுதுன்னு சொல்லலாம்." நிறுத்தாமலேயா? "நிறுத்தாமலே. நிறுத்திட்டுத் திரும்பக் கெளப்புனா கோளாறு போயிரும், ஆனா ஏன் வந்துச்சுன்னு தெரியாது. திரும்ப வரும்." இதை நான் மறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் எத்தனை சண்டை அப்படிப் போயிருக்கிறது. ராத்திரி முகத்தைத் திருப்பிப் படுப்போம், காலையில் எழுந்தால் என் வீட்டுக்காரவுக காப்பி கேட்பார்கள், நான் கொடுப்பேன், சரியாகிவிடும். ஏன் வந்தது என்று தெரியாது. திரும்ப வரும். அவுக கோபத்தைக் குறைக்கும் ஆண்டவரே என்று முப்பத்தாறு வருஷமாக ஜெபிக்கிறேன், ஆளை நிறுத்தாமல் உள்ளே மட்டும் மாற்ற முடியுமென்று ஒரு பெட்டியிடமிருந்து தெரிந்துகொண்டதில் எனக்கு என்னவோ ஒரு தைரியம்.

"ஏட்டி, மேல என்ன பண்ணுத? ஃபேன் ஓடுத சத்தம் கேக்கு." கீழேயிருந்து அவுகதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, பேப்பரை முகத்தில் மூடிப் படுத்திருக்கிறார்கள், முகம்தான் மூடியிருக்கிறது, காது மூடவில்லை. பிள்ளை ஒரு வேலை சொல்லியிருக்கான் என்றேன். "கம்ப்யூட்டர்லயா? ஒனக்கா?" கொஞ்ச நேரம் கழித்து, "வெளங்கும்." எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தெரியும், மருந்துச் சீட்டு படிப்பேன், பஸ் போர்டு படிப்பேன், பிள்ளைகளின் மார்க் ஷீட்டை அவுகளுக்கு முன்னாலேயே படித்துவிட்டு எப்படிச் சொல்வதென்று யோசித்து வைப்பேன். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி என் பாதத்துக்கு வந்துவிட்டது. இசக்கி இந்த வெயிலில் டவர் மேல் இருக்கிறான். அதைத்தான் நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். மேலே இருக்கிற வயர் கெட்டுப்போச்சு, ஏறிப் புது வயர் மாட்டு, மாட்டினதுக்கப்புறம் விழாம இருந்துச்சுன்னா அதுதான், எங்க வீட்டு லாக்கையும் அதே நேரம் ஓட விட்டுப் பாப்போம் என்று டைட்டஸ் சொல்லியிருக்கிறான், அவனும் சரியென்று ஏறியிருக்கிறான். இரும்பு இந்நேரம் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். பெல்ட் போட்டிருப்பானா? போட்டிருப்பான். தண்ணீர் குடித்திருப்பானா? காற்று அடித்தால் அந்த டவர் லேசாக ஆடும் என்று அவனே ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னான், தொட்டில் மாதிரி இருக்கும்மா என்றான். கர்த்தாவே, அவன் கால் வைக்கிற கம்பியில் உம்முடைய கை இருக்கட்டும். அவன் சுடலைமாடனைக் கும்பிடுகிறவன், ஆனாலும் கால் கால்தான்.

வீட்டுப் பெட்டியை ஆலங்கிணற்றிலிருந்தே டைட்டஸ் ஏவ முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். வெளியிலிருந்து யாரும் இந்தப் பெட்டிக்குக் கட்டளை கொடுக்கக்கூடாதென்று அவனே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான், இந்த மேஜையில் உட்கார்ந்து அடித்தால்தான் கேட்கும். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடப் பையில் ரெண்டு பேனா, ரெண்டாவது பேனாவுக்கு ஒரு ரீஃபில். பூட்டுக்கு மூணு சாவி. எதையும் ஒன்றாக விட மாட்டான், தொலைந்துபோய்விடும் என்ற பயம், யாரிடமிருந்து வந்ததோ. வலது பக்கம் இன்னும் அசையவில்லை. அந்த நாலைந்து வரியில் ஒரு வார்த்தை எனக்குத் தெரிகிறது. ஹலோ. அதைப் பற்றியும் அவன் சொல்லியிருக்கிறான். இங்கே இருக்கிற பெட்டி அங்கே இருக்கிற பெட்டியிடம் கொஞ்ச கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஹலோ சொல்லும், அதுவும் பதிலுக்கு ஹலோ சொல்லும், வேறு சேதி இருக்கிறதோ இல்லையோ ஹலோ போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாலு ஹலோ வராவிட்டால் ஆள் செத்துவிட்டான் என்று முடிவு கட்டி அந்தப் பக்கம் போகிற வழியையெல்லாம் அழித்துவிடும். "நாலு ஹலோன்னா எவ்வளவு நேரம்யா?" "ஒரு நிமிஷம்கூட இல்லம்மா." ஒரு நிமிஷம்கூட இல்லாமலா ஒருத்தனைச் செத்தவனாக எண்ணுவது! ஷீபா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் போன் போடுகிறாள், சில வெள்ளி அதுவும் இல்லை, ஓவர் டைம் என்று அடுத்த வாரம் சொல்வாள். இந்தப் பெட்டியின் கணக்கில் நான் அவளை எத்தனை தடவை அடக்கம் பண்ணியிருக்க வேண்டும். ஆனால் இதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஏனென்றால் செத்தவன் மறுபடி ஒரு ஹலோ சொன்னால் போதுமாம், ஏன் வரவில்லை, எங்கே போனாய் என்று கேட்காமல் அந்தப் பெட்டி வழியைத் திரும்பப் போட்டுக்கொள்ளுமாம். அப்படி ஒரு மனசு மனுஷனுக்கு வராது. எனக்கு வராது. ஷீபாவிடம் முதல் வார்த்தையே "நெனப்பு வந்துச்சா" என்றுதான் கேட்கிறேன்.

ஓடும் என்றானே, ஏன் ஓடவில்லை. எழுத்து தப்பாக அடித்திருந்தால் திட்டியிருக்குமாம், முன்னே ஒரு தடவை அப்படித் திட்டியிருக்கிறது, இடது பக்கத்திலேயே ஒரு வரி வரும். இப்போது திட்டவில்லை. அப்படியென்றால் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதென்றால் ஓட வேண்டும். ஓடவில்லை. ஒருவேளை ஓடிக்கொண்டுதான் இருக்கிறதோ, எனக்குத்தான் தெரியவில்லையோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், அதே வரி. ஜெபத்துக்கும் இதே கதைதான், சத்தமில்லாமல் இருந்தால் கேட்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே வலது பக்கம் என்று ஒன்று இல்லை, பார்த்துச் சரி பண்ணிக்கொள்ள. மாடி ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது, அவுக பாதிப் படி ஏறிவந்து, போதும் என்று தோன்றிவிட்டதோ என்னவோ, இறங்கிப் போகிறார்கள், பகலிலேயே பழக்கதோஷத்தில் படிக்கட்டு லைட்டைப் போட்டுவிட்டு. அந்த லைட்டுக்கு ரெண்டு சுவிட்ச், கீழே ஒன்று மேலே ஒன்று, வீடு கட்டின புதிதில் எலக்ட்ரீஷியன் பெருமையாகப் போட்டுக் கொடுத்தது. அப்போதெல்லாம் இருட்டில் நான் மேலேயிருந்து லைட்டைப் போடுவேன், அதே நேரத்தில் அவுக கீழேயிருந்து போடுவார்கள், ரெண்டு பேரும் வெளிச்சம் வேண்டுமென்றுதான் போடுவோம், இருட்டாகவே இருக்கும். "நீ ஏன் அமத்தின?" "நான் அமத்தலயே, போட்டேன்." "நான்லா போட்டேன்." இப்படி ஒரு மாதம். போடுவதற்கென்று ஒரு பக்கம், அணைப்பதற்கென்று ஒரு பக்கம் அந்த சுவிட்சில் கிடையாது, எப்படி இருக்கிறதோ அதை மாற்றும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அப்போ நான் அடித்த கட்டளையும் அதே மாதிரி ஒரு சுவிட்சோ. ரெண்டு தடவை தட்டினேனே.

முதல் தட்டில் எழுது என்று கேட்டிருக்கிறது, நாலைந்து வரி எழுதியிருக்கிறது, ரெண்டாம் தட்டில் எழுதாதே என்று கேட்டிருக்கிறது. ஒரு நிச்சயத்துக்காக நானே அதன் வாயை மூடியிருக்கிறேன். சரி, மூடியது மூடியதாகவே இருக்கட்டுமே. இந்த நினைப்பு எவ்வளவு சாதுவாக வந்தது, பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நிற்பது மாதிரி. லாக்கு ஓடவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லைய்யா என்று சொல்லிவிடலாம், எட்டாவது படித்தவள், யார் என்ன கேட்கப்போகிறார்கள். எழுதாவிட்டால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லையென்றால் இசக்கி விலக வேண்டாம், என் மகன் தலைகுனிய வேண்டாம். பையன்கள் நாலு நாள் முறைத்துக்கொண்டு இருப்பார்கள், அப்புறம் ஏதாவது கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், சரியாகிவிடும். ஏன் வந்தது என்று தெரியாது. திரும்ப வரும். ஆனால் இசக்கி மேலே தொங்கிக்கொண்டு இருக்கிறான். கெடாத வயரை மாற்றுகிறானோ கெட்ட வயரை மாற்றுகிறானோ, இந்த வெயிலில் அவனை அங்கே ஏற்றியது என் மகன் வாய், அதற்குப் பதில் இந்தத் திரையில்தான் வர வேண்டும், நான் மறைத்தால் நாளைக்கும் ஏறுவான். அது மட்டுமா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே தெரிய வேண்டியிருந்தது. யார் பேச மறக்கிறது, இதுவா அதுவா, என்ன நடக்கிறது அந்த வாழைத் தோட்டத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல். தெரிந்துகொள்ள ஆசைப்படுவது பாவமென்றால் என்னை இந்த மேஜைக்கு முன்னால் உட்கார வைத்திருக்கக் கூடாது. ஆண்டவரே, யார் பக்கமாக இருந்தாலும் இருக்கட்டும் என்றேன். அம்புக்குறி. வந்தது. விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு, கையை எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன்.

ஓடியது. அம்மாடி, என்னமாய் ஓடியது! எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டவில்லை, ஒரு வரி, கொஞ்சம் நிறுத்தம், ஒரு வரி. ஏகப்பட்ட எண்ணும் புள்ளியும், அதையெல்லாம் விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டேன். செண்ட் ஹலோ. ரிசீவ் ஹலோ. செண்ட் என்றால் நாங்கள் அனுப்பியது, ரிசீவ் என்றால் அங்கேயிருந்து வந்தது, மணியார்டர் காலத்திலிருந்தே தெரியும். செண்ட் ஹலோ. ரிசீவ் ஹலோ. காலையில் கோயிலில் சங்கீதம் வாசித்தது மாதிரியே இருந்தது, எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம், ஐயர், சபையார், அந்த நிறுத்தம்கூட அதே அளவு. எத்தனை வருஷமாக இந்த ஹலோ என் தலைக்கு மேலே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறது, நான் மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டபோதும், காக்கா விரட்டினபோதும், அந்த ரெண்டு பையன்களும் கீழே சண்டை போட்டுக்கொண்டு இருந்தபோதும் இதுகள் ரெண்டும் மரியாதையாக ஹலோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. பயமும் இருந்தது, சிரிப்பும் வந்தது. செண்ட். ரிசீவ். செண்ட். திடீரென்று ஒரு வரி நீளமாக வந்தது. செண்ட் ஹலோ என்று ஆரம்பித்து அதோடு நிற்காமல் இன்னும் என்னமோ. அடுத்து ரிசீவ் ஹலோ, வழக்கம்போல. மறுபடி செண்ட், மறுபடி நீளம், அதில் ஒரு வார்த்தை, எஃப், ஏ, ஐ, எல். ஃபெயில்டு. அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஷீபாவின் கணக்குப் பரீட்சையில் ரெண்டு வருஷம் பார்த்தது. ரிசீவ் ஹலோ. செண்ட் ஃபெயில்டு. ரிசீவ் ஹலோ. செண்ட் ஃபெயில்டு. அவன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கொஞ்சமும் பிசகாமல், முறை தவறாமல். எங்கள் பக்கம் வாய் திறக்கிறது, சத்தம் வெளியே வரவில்லை. அப்புறம் நெய்பர் என்று ஒரு வரி வந்தது, அதற்கப்புறம் வழியெல்லாம் அழிகிற வரிகள் போல நிறைய, கடகடவென்று. எங்கள் ஹலோ போய்ச் சேராததால் அந்தப் பெட்டி எங்களைச் செத்தவர்களாக எண்ணிவிட்டது போல. எங்கள் பக்கம். இந்த வீடு. சுடுகிற இந்தப் பெட்டி.

போன் அடித்தது. "அம்மா, நெட் விழுந்துட்டு, இப்ப விழுந்துச்சு, பாத்தீங்களா? இசக்கியும் லைன்ல இருக்கான், ரெண்டு பேரும் கேக்கோம்." ஒரு பக்கம் டைட்டஸின் மூச்சு, இன்னொரு பக்கம் வெறும் காற்று, உயரத்தில் அடிக்கிற காற்று. பாத்தேன்யா என்றேன். "ரிசீவ் நின்னுருக்கும்லா? அத மட்டும் சொல்லுங்க." கேட்ட விதத்திலேயே பதிலையும் வைத்துத்தான் கேட்டான். ஆமா என்றால் முடிந்தது. என் வாயில் அது வந்துகூட நின்றது, எத்தனையோ கேள்விக்கு ஆமா என்று சொல்லிப் பழகின வாய். "இல்லய்யா. ரிசீவ் ஒண்ணுகூட நிக்கல. செண்ட்தான்." "என்னது?" "செண்ட்தான்யா. பக்கத்துல ஃபெயில்டுன்னு போட்டிருக்கு. நம்ம பக்கம்." "அம்மா, நல்லாப் பாருங்க. மாத்திப் பாத்திருப்பீய." "மாத்தலய்யா. நல்லாத்தான் பாத்தேன். அவன் பக்கம் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு, நாமதான் பதில் குடுக்கல." காற்று. அப்புறம் டைட்டஸ் சின்னக் குரலில், "ஃபெயில்டுக்கு அடுத்து என்ன போட்டிருக்கு, எழுத்து எழுத்தா வாசிங்க" என்றான். என், ஓ, இடம், பி, யு, ரெண்டு எஃப் என்று ஆரம்பித்தேன், நான் முடிக்கும் முன்னே அவனே முடித்தான், அவனுக்காகச் சொல்லிக்கொண்டது மாதிரி, "எடமில்ல. அனுப்ப எடமில்லங்குது." பிறகு, "பேக்கப்பு" என்றான். எனக்கு விளங்கவில்லை, ஆனால் இசக்கிக்கு விளங்கிவிட்டது, முதல் தடவையாக அவன் குரல் வந்தது. "அன்னைக்கே கேட்டேம்லா. வீட்டுப் பெட்டில உள்ளதையெல்லாம் திரும்ப எதுக்குல எங்கிட்ட அனுப்புதன்னு." "இன்னொரு காப்பி பத்திரமா இருக்கட்டும்னுதான்ல வச்சேன். கொஞ்சம் சேந்ததும் தானா கெளம்பிப் போற மாதிரி." "போச்சுல்லா. நீ பத்திரம் பண்ண சாமானே வழியை அடச்சுக்கிட்டு நிக்கி. ஹலோ எப்படிப் போகும்?" கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னான். வெயிலில் நின்றவன் குரல். இனி அந்த வாக்கியத்தை முடிப்பான் என்று எனக்குத் தோன்றியது, ஒன் பக்கம்னு சொன்னா, இப்போது சொல்லிவிட்டதே, என் வாயாலேயே சொல்லியாயிற்று, நான் போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், சொல்லாதே இசக்கி, இல்லை, சொல்லிவிடு, எதுவானாலும் கேட்கிறேன். "இசக்கி" என்றான் டைட்டஸ். "ம்." "எறங்குல." "புது வயரை மாட்டிட்டு எறங்குதேன். பாதி இழுத்துக் கட்டியாச்சு, பழசைத்தான் இன்னும் கழத்தல." "வேண்டாம்ல. வயர்ல ஒண்ணுமில்ல. பழசு அப்படியே கெடக்கட்டும், எறங்கு." "இப்பந்தான் தெரிஞ்சுதோ?" "எறங்குல, வெயிலு கொளுத்துது. மிச்ச வேலை இருந்தா நான் ஏறுதேன்." "நீயா? மூணாம் கம்பில கண்ணை மூடிக்கிட்டு ஒங்க ஆண்டவரைக் கூப்பிடுவ. போனை வைல. ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கத் தெரியாதா." அன்றைக்கு ஹாலில் என் மகன் சொன்ன அதே வார்த்தை. டைட்டஸ் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அழுகை வந்தால் அவனுக்கு மூக்குதான் முதலில் சத்தம் போடும். ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை. மறந்தார்களோ என்னவோ. நானும் வைக்கவில்லை. இரும்பில் செருப்பு படுகிற சத்தம், ஒன்று, நிறுத்தம், இன்னொன்று, பெல்ட் கொக்கி உரசுகிற சத்தம், மூச்சு. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் இங்கே தரையில் காலைப் பதித்துக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை ரொம்ப நேரம் சத்தமே இல்லை, நான் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த கம்பி கேட்டது. அப்புறம் காற்று குறைந்தது. அப்புறம் மண்ணில் தொப்பென்று குதித்த சத்தம். பிளாஸ்டிக் பாட்டில் மூடி திறக்கிற சத்தம், மடக் மடக்கென்று தண்ணீர் இறங்குகிற சத்தம், தலையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டதும் கேட்டது. "லேய், முழுசையும் காலி பண்ணிராத. நானும் காலையிலருந்து குடிக்கல" என்றான் என் மகன். தண்ணீர் நின்றது. பாட்டில் கை மாறும்போது நசுங்குகிற சத்தம் வந்தது.